பட்டாம்பூச்சி ஹெல்மெட்

இளஞ்சிவப்பு நிறம் ஆண்களின் மண்டை ஓட்டுக்குள் ஊறி இறங்கும் என்றும், இறங்கினால் மூன்றே மாதத்தில் மீசை உதிர்ந்துவிடும் என்றும் டைரோ அறிவித்தபோது, மொந்தெரியா நகரச் சந்தை முனையில் நின்றிருந்த பைக் டாக்சிக்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவ்வளவு அக்கறையாகச் சொன்னான். அவனுடைய மாமா மகனுக்கே நேர்ந்ததாம்.

"சட்டை, பேன்ட்டுன்னா பரவால்ல. தலையில மட்டும் படக்கூடாது. ஆம்பளைக்குத் தலைதான் எல்லாமே."

இத்தனை ஆராய்ச்சிக்கும் காரணம் நெய்டரின் தலை. அவனுடைய கறுப்பு ஹெல்மெட் முந்தின நாள் கீழே விழுந்து விரிசல் விட்டிருந்தது. புதிது வாங்கும்வரை வைத்துக்கொள் என்று மனைவி யுரானிஸ் தன்னுடையதைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். கடையில் 'பெண்களுக்கு' என்று தனி அலமாரியில் அடுக்கியிருக்கும் வகை: இளஞ்சிவப்பு, இரண்டு பக்கமும் பட்டாம்பூச்சி, பின்பக்கம் கொண்டைக்கென்று ஒரு பள்ளம். 'ஆண்களுக்கு' அலமாரியில் மண்டையோடுகளும் கோரைப்பற்களும். டைரோ போட்டிருந்தது கோரைப்பல். இரண்டையும் செய்தது ஒரே கம்பெனிதான். உள்ளே ஒட்டியிருந்த பாதுகாப்பு முத்திரைகூட ஒன்றுதான். ஆனால் ஹெல்மெட்டின் உள்பக்கத்தை எட்டிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

"ஏம்ப்பா நெய்டர், கல்யாணம் எப்போ? மாப்பிள்ளை யாரு?" என்றான் ஒருவன்.

"உங்க அப்பன்தான்."

வேறொரு நாளாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். டைரோ விடவில்லை. நெய்டரின் மகளுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையாக நின்றவன் அவன், அந்த உரிமை. "மச்சான், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். என் ஞானமக நாளைக்கு ஸ்கூல்ல, எங்க வீட்டுல ரெண்டு அம்மான்னு எழுதி வெச்சிரப் போறா."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். நெய்டரின் வண்டியில் ஏறுவதற்குக் காலைத் தூக்கிய பெரியவர்கூடச் சிரித்துக்கொண்டே காலை இறக்கி, டைரோவின் வண்டிக்கு வந்துவிட்டார்.

நெய்டர் தாடைப் பட்டையைக் கழற்றி, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டான். ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். போலீஸ் தென்பட்டால் தலைக்கு ஏறும், தாண்டியதும் கைக்கு இறங்கும்.

"இப்பதான் நீ ஆம்பளை," என்றான் டைரோ.

பதினொரு மணிக்கு, சினு ஆற்றுப் பாலத்தின் மேல், நெய்டருக்கு முன்னால் போன வாழைத்தார் லாரி திடீரென்று நின்றது.

டைரோ ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது யுரானிஸ் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஹெல்மெட். ஒரு கீறல் இல்லை.

"முழங்கை நல்லா இருக்காம்," என்றாள். "டாக்டர் சொன்னாரு. முழங்கையில ஒரு சிராய்ப்புகூட இல்லையாம்."

டைரோ தலையாட்டினான்.

"மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு, திறக்கணும்கறாங்க. நடுவுல கண்ணு முழிச்சான், டைரோ. என்னைப் பாத்து, நீங்க நர்ஸான்னு கேட்டான்."

"சரியாயிடும். அவன் மண்டை கருங்கல்லு."

"வாசல்ல நான்தான் பட்டையை மாட்டி விட்டேன். வெக்கப்பட்டான். ரெண்டே நாள்தானேன்னேன், சரின்னுட்டுப் போனான். அப்புறம் எதுக்குக் கழட்டுனான்?"

"வெயில்," என்றான் டைரோ. "இன்னிக்குச் சரியான வெயிலாச்சே."

"இந்த ஊர்ல என்னிக்கு வெயில் இல்ல?"

டைரோ சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தை முழுக்கப் படித்தான்.

"சந்தை முனையில அவனை யாராவது ஏதாவது சொன்னீங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட அவளுடைய அடையாள அட்டை வேண்டும், சீக்கிரம், என்று நர்ஸ் வந்து சொன்னாள். செய்தி கேட்டு அப்படியே ஓடி வந்தவள். அட்டை வீட்டில் இருந்தது. டைரோ வண்டிச் சாவியை எடுத்தான்.

வெளியே வந்ததும் அவள் ஹெல்மெட்டைத் தலைக்குக் கொண்டுபோனாள். பாதியில் கை நின்றுவிட்டது.

"முடியாது, டைரோ. இதை என் தலையில வெக்க என்னால முடியாது. நான் இப்படியே வர்றேன். நீ எடு."

டைரோ வண்டியில் மாட்டியிருந்த தன் கோரைப்பல் ஹெல்மெட்டை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு நேர்வழி சந்தை முனையைத் தாண்டித்தான். ஆற்றங்கரையைச் சுற்றியும் போகலாம், ஆனால் பத்து நிமிடம் கூடும்.

ஹெல்மெட் இறுக்கமாக இருந்தது. உள்ளே யுரானிஸின் ஷாம்பூ வாசனையும், காலையில் நெய்டர் விட்டுப்போன வியர்வையும்.

அவள் இன்னும் ஏறவில்லை. அவன் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னீங்க அவனை?" என்று கேட்டாள்.

டைரோ தாடைப் பட்டையை மாட்டப் பார்த்தான். முதல் தடவை மாட்டவில்லை. இரண்டாம் தடவை மாட்டியது. அவள் ஏறி உட்காரும்வரை காத்திருந்து, வண்டியைச் சந்தைப் பக்கம் திருப்பினான்.