கிழக்குக் கரைக்கு ஆகாத கோட்டு

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் சுயபுத்தியோடு பிறந்தவன் தான் ஒருவன்தான் என்று ரஸ்ஸல் எஸ்க்ரீட் அறிவித்தபோது, அவனுடைய அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்க ஐந்து கிழவர்கள் குனிந்திருந்தார்கள். ஆறாவது இடம் மகனுடையது. இடது முன்பக்கம். அவனும் குனிந்தான். அவன் குனிந்ததும் மற்ற ஐவரும் நிமிர்ந்துவிட்டார்கள்.

"இந்த உடுப்போட நீ தொடக் கூடாது தம்பி," என்றார் நார்மன். அப்பாவின் சிநேகிதர்.

ரஸ்ஸல் தன்னைத் தானே பார்த்துக்கொண்டான். கறுப்புக் கோட்டு, கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. அவன் வேலை பார்க்கும் லீட்ஸ் நகரத்தில் கடைக்காரனிடம் சாவு வீட்டுக்கு என்றதும் யோசிக்காமல் எடுத்துக்கொடுத்தது. அவனுக்குத் தெரிந்த எந்த ஊரிலும் பிணத்துக்குப் பின்னால் நடக்க இதைவிட ஒழுங்கான உடை கிடையாது. அவன் பிறந்த ஊரைத் தவிர.

ஹல்லை ஆறு இரண்டாகப் பிளக்கிறது. கிழக்குக் கரைக்கு ஒரு ரக்பி லீக் அணி, சிவப்பு வெள்ளை. மேற்குக் கரைக்கு ஒன்று, கறுப்பு வெள்ளை. பன்றி இறைச்சித் துண்டு சிவப்பும் வெள்ளையுமாக இருப்பதால் மேற்கே சிலர் அதைத் தின்பதே இல்லை என்பார்கள். கிழக்கே இருந்த ரஸ்ஸலின் அப்பா வில்ஃப் எஸ்க்ரீட் அதற்குப் பதிலடியாகக் காலையிலும் மாலையிலும் அதையே தின்றார். இருதயம் நின்றதற்கு டாக்டர் வேறு காரணங்களும் சொன்னார்.

கடைசி வாரம் வில்ஃப் மகள் ஜனீனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "நான் போனா ஒருத்தனும் அவனுங்க கலர்ல வரக்கூடாது. வந்தா எந்திரிச்சு உக்காந்துடுவேன்." ஜனீன் அதை ஃபோனில் சொன்னபோது ரஸ்ஸல் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஆகவே இப்போது கூடத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போலவும், பாதிப்பேர் மீன் பிடிக்கக் கிளம்பியவர்கள் போலவும் இருந்தார்கள். வண்டியும் கறுப்பில்லை. சவ அடக்கக்காரர் கூல்டாஸ் பக்கத்து ஊரிலிருந்து சாம்பல் நிற வண்டி ஒன்றை வரவழைத்திருந்தார். அவரே பச்சை டை கட்டியிருந்தார்.

"பாருங்க, நான் மேற்குக் கரை. எங்க தாத்தா காலத்துலேர்ந்து மேற்கு," என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். "தொழிலுக்காக கறுப்பு டைய அவுக்கறேன். பச்சை கட்டறேன். சிவப்பு மட்டும் கேக்காதீங்க."

"கேக்க மாட்டோம். உனக்கு அந்தத் தகுதி இல்ல," என்றார் நார்மன்.

ரஸ்ஸலுக்குப் பொறுக்கவில்லை. "நார்மன் மாமா, அவரு செத்துட்டாரு. கண்ணு தெரியாது. பதிமூணு பேரு ஒரு பந்தைத் தூக்கிட்டு ஓடுறான், இன்னும் பதிமூணு பேரு அவனைப் புடிச்சு சேத்துல தள்ளுறான். அதுக்காக ஒரு புள்ள அப்பனைத் தூக்கக் கூடாதா?"

"தூக்கு. யாரு வேணாங்கறா? சட்டைய மாத்திட்டுத் தூக்கு."

"மாட்டேன்."

"அப்ப தூக்காத."

"எங்கப்பா மாமா அவரு!"

"அதனாலதான்டா சொல்றேன். காலமெல்லாம் அவன் பக்கத்துல நின்னு ஆட்டம் பாத்தவன் நான். மழையில, தோத்தப்ப, ஒரே தெர்மாஸ்ல குடிச்சுகிட்டு. இன்னிக்கு அவனை அவனுங்க கலர்ல ஒருத்தன் தூக்கிட்டுப் போறதப் பாத்துட்டு நான் வீட்டுக்குப் போயி என்னத்த சாப்புடறது?"

ரஸ்ஸலிடம் இதற்குப் பதில் இருந்தது. நாகரிகம், இருபத்தோராம் நூற்றாண்டு, தனிமனித சுதந்திரம் என்று தொடங்கும் பதில். லீட்ஸில் நண்பர்களிடம் பலமுறை சொல்லிக் கைதட்டல் வாங்கியது. இங்கே பாதியிலேயே கிழவர்களில் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

ஜனீன் மாடியிலிருந்து அப்பாவின் பழைய அணிச்சட்டையை எடுத்து வந்து நீட்டினாள். "இத மேல போட்டுக்க. ரெண்டு நிமிஷம் வேலை."

"கோமாளி வேஷமா? அக்கா, இந்தத் தெருவுல ஒருத்தராவது மனுஷங்க மாதிரி இருக்கணும்ல?"

"நீ இருந்துக்க."

அவள் சட்டையைப் பெட்டியின் மேல் வைத்தாள். தன் சிவப்புக் கம்பளிக் கார்டிகனின் கைகளை மடித்துக்கொண்டு இடது முன்பக்கத்துக்கு வந்தாள்.

"நகருடா," என்றாள்.

நகர்ந்தான். ஆறு பேரும் குனிந்தார்கள். யாரோ "ம்" என்றார்கள். பெட்டி எழுந்து, வாசல் நிலையில் ஒருமுறை இடித்து, வெளியே போயிற்று. ரஸ்ஸல் கடைசியாக வந்தான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கதவைச் சாத்துகிற வேலை மீதி இருந்தது. அதைச் செய்தான். ஒருமுறை இழுத்துப் பார்த்தான், பூட்டியிருந்தது.

தகனத்துக்கு நேரம் மேற்குக் கரைத் தகனசாலையில்தான் கிடைத்திருந்தது. முன்னால் சாம்பல் நிற வண்டி, அடுத்த காரில் அக்காவும் தம்பியும், பின்னால் நார்மனும் மற்றவர்களும். படகு வந்தால் திறக்கும் ட்ரைபூல் பாலத்தருகே மணி அடித்தது. தடுப்புக்கட்டை இறங்கியது. பாலம் மெல்ல வாயைத் திறந்தது. ஆற்றில் ஒரு படகு, நடந்துபோனால் முந்திவிடலாம் போன்ற வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

"பிரமாதம். இந்தப் பாலமும் கிழக்குதான் போல," என்றான் ரஸ்ஸல்.

பிறகு அக்கா பக்கம் திரும்பினான்.

"அங்க போயும் நீதான் தூக்கப் போறியா?"

"வேற யாரு?"

"தோள் தாங்குமா உனக்கு?"

"இப்ப தாங்கல? விடு."

மழை பிடித்தது. முன்வண்டியின் பின்கண்ணாடியில் நீர் வழிந்தது. அப்போதுதான் அவன் அதைக் கவனித்தான். பெட்டியின் கால்மாட்டில், இவர்களைப் பார்த்தபடி, அவனுடைய லீட்ஸ் அலுவலகம் அனுப்பிய மலர்வளையம். முழுக்க வெள்ளை லில்லி. குறுக்கே கை அகலத்துக்குக் கறுப்பு ரிப்பன். முடிச்சு பூவைவிடப் பெரிதாக இருந்தது. அணிச்சட்டையின் பாதியை அது மறைத்திருந்தது.

"அதப் பாத்தியா?"

"ம். கூல்டாஸோட ஆளு கடைசி நேரத்துல வெச்சான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்ப."

படகு இன்னும் பாலத்தை எட்டவில்லை. ரஸ்ஸல் காலை நீட்டி மடக்கினான். "கால் மரத்துப்போச்சு," என்றான். கதவைத் திறந்து இறங்கினான்.

முன்வண்டியின் கண்ணாடியைத் தட்டினான். கூல்டாஸ் குடையோடு இறங்கி வந்தார்.

"என்ன சார்?"

"பூ நழுவுது. கொஞ்சம் திறங்க."

பூ நழுவவில்லை. கூல்டாஸ் திறந்தார். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் முடியவில்லை. ரஸ்ஸல் இடுப்பு வரை உள்ளே சாய்ந்து, பல்லால் கடித்து இழுத்தான். கன்னம் பெட்டியின் மரத்தில் பட்டது. வார்னிஷ் வாசனை. இழுத்த இழுப்பில் இரண்டு லில்லிகள் முறிந்தன. கூல்டாஸ் குடையை அவன் முதுகுக்கு மேல் பிடித்துக்கொண்டு, மேற்குக் கரைப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரிப்பன் வந்தது. அதைச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் திணித்தான். வளையத்தைத் தள்ளி வைத்துச் சட்டையைச் சரியாக விரித்தான். பின்னால் நார்மனின் காரில் துடைப்பான் போய்ப்போய் வந்தது. ஹார்ன் எதுவும் அடிக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது தலையிலிருந்து சொட்டியது. கறுப்பு டையை அவிழ்த்தான். கோட்டைக் கழற்றிக் காலடியில் போட்டான். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பாலம் இறங்கத் தொடங்கியது. ஜனீன் அவன் ஈரத் தோள்களை அளப்பது போலப் பார்த்தாள். தன் சிவப்புக் கார்டிகனின் மேல் பொத்தானைக் கழற்றினாள், பிறகு அடுத்ததை.