சும்மா நிற்கிற ஆள்

அந்தப் பொம்மைக்கு மீசை இருந்ததா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. சுண்டுவிரல் நுனியளவு ஆளுக்கு மீசை வரைவது நடக்கிற காரியமா என்றும் சந்தேகம். இருந்தது என்றுதான் அந்த வீட்டில் இன்றும் சாதிக்கிறார்கள்.

அந்த வீட்டுக்காரர் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். கூட வேலை செய்தவர்களுக்கு 'யானை'. ஒருநாள் உயரத்தில் அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்து முதுகில் விழுந்தன. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் கிடந்தவருக்குப் பொழுது போகட்டும் என்று மச்சினன் ஒரு பொம்மை ரயிலைக் கொண்டுவந்து கொடுத்தான். வட்டத் தண்டவாளம், சரக்கு வண்டிகள், ஒரு கிரேன், வண்ணம் பூசாத கூலியாள் பொம்மைகள். அட்டையில் ஒரு மேடையும் கொட்டகையும் செய்து வைத்ததும் சாப்பாட்டு மேசை சரக்கு நிலையமாயிற்று. தையல்காரியான மனைவி ஆட்களுக்கு வண்ணம் பூசினாள். இருவரும் வெகுநேரம் பேசாமலே உட்கார்ந்திருப்பார்கள். பழைய போர்வையைப் போல அந்த மௌனம் அவர்களுக்கு இதமாக இருந்தது.

அதற்கடியில் ஒரு கேள்வியும் கிடந்தது. இனி பாரம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மேற்பார்வையாளர் வேலை தருவதாகச் சொன்ன கிடங்குக்காரர்கள் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். மேற்பார்வையாளர்களைக் கிண்டல் செய்தே காலம் தள்ளியவர் அவர். அதற்குப் பதில் வேலையையே விட்டுவிடலாம் என்றார்.

கூலியாட்களில் ஒருவன் மட்டும் எதையும் தூக்கவில்லை. இடுப்பில் கைவைத்து, மேற்பார்வையாளர் மாதிரி தலையை நிமிர்த்தி நின்றான். அவள் அவனுக்கு மஞ்சள் தொப்பி பூசி, சரக்கு மேடையின் நடுவில் வைத்தாள். மறுநாள் பார்த்தால் கொட்டகைக்குப் பின்னால் நின்றான். எடுத்து நடுவில் வைத்தாள். சாயங்காலம் மறுபடியும் கொட்டகைக்குப் பின்னால். வாரம் முழுக்க இந்தப் போக்குவரத்து நடந்தது. இதைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கிடங்குச் சிநேகிதன் நெட்டையன் வந்தான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், உனக்கு முதுகே சறுக்கிவிட்டது என்று சிரித்தான். பிறகு கொட்டகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"இவன் ஏன்டா ஒளிஞ்சு நிக்கிறான்? மாமியார் வந்திருக்காங்களா?"

"சும்மா நிக்கிறவனுக்கு மேடையில என்ன வேலை?" என்றார் அவர்.

நெட்டையன் போன பிறகும் அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கிரேன் கொக்கியில் நூல்கட்டிய பெட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒருவன் மூட்டையோடு, ஒருவன் பீப்பாயோடு, ஒருவன் தள்ளுவண்டியோடு. அத்தனை பேரும் குனிந்திருந்தார்கள். அன்றைக்கும் இப்படித்தான். பெட்டிகள் சாய்ந்ததை யாருமே பார்க்கவில்லை. முதுகில் விழுந்த பாரத்தை எத்தனையோ முறை நினைத்திருக்கிறார். அதைப் பார்த்திருக்க வேண்டிய கண் யாருடையது என்று இதுவரை நினைத்ததில்லை.

மஞ்சள் தொப்பிக்காரனை எடுத்து, காலில் பசை தொட்டு, கொக்கியைப் பார்க்கிற மாதிரி மேடையில் அழுத்தி நிறுத்தினார்.

"எல்லாரும் குனிஞ்சே இருக்காங்க. மேல பாக்க ஒருத்தன் வேணும்ல," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அப்போ உங்க மீசையையும் போட்டுடவா?"

திங்கட்கிழமை அவர் ஒப்புக்கொண்டார். ஓய்வு பெறும்வரை மேற்பார்வையாளராக இருந்தார். நெட்டையன் அவருக்குக் கீழே முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்து, முழு முதுகோடு ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனான். அவள் இன்னும் தைக்கிறாள். ரயிலை மச்சினன் மகள் எடுத்துப் போனாள். ஒட்டிய ஆளைப் பிரிக்க முடியாததால் மேடையும் அவனோடு போயிற்று.