எட்டு மணி நேரக் கார்பன்

அந்தப் பகல் ஷிப்டையும் அவள் தலையில்தான் கட்டினார்கள். "அக்கா, உங்களுக்கென்ன, வீட்டுல யாராச்சும் காத்துக்கிட்டா இருக்காங்க?" என்றார் எலெக்ட்ரானிக்ஸ்காரர். நியாயமான கேள்விதான், பாவி மனுஷன். விஞ்ஞானி என்றால் சுற்றிலும் கூட்டம் இருக்கும் என்று நினைப்பவர்கள் அந்தக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆறு திரைகள், ஒரு நாற்காலி, பூட்டிய கதவு.

இயற்கையில் கிடைக்காத, கண் மூடித் திறப்பதற்குள் சிதைந்துபோகும் அணுக்கருக்கள் துகள் முடுக்கியிலிருந்து பாய்ந்து வந்து மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் மோதும். தகட்டிலிருக்கும் கன ஹைட்ரஜன் தன் நியூட்ரானை அவற்றிடம் கொடுத்துவிட்டுப் புரோட்டானாகத் தெறிக்கும். அந்தப் புரோட்டானின் ஆற்றலை அளந்தால் நியூட்ரான் அணுக்கருவுக்குள் எந்த ஆற்றல் படியில் போய் உட்கார்ந்தது என்று சொல்லிவிடலாம். நான்கு நாட்களாகத் திரையின் வரைபடத்தில் ஒரு சின்ன மேடு எழும்பிக்கொண்டிருந்தது. இதுவரை யாரும் பார்க்காத படி! குழுத்தலைவர் கேக்கே வெட்டிவிட்டார். இது நிலைத்தால் அவளுடைய பதினோரு வருஷத் தற்காலிக வேலை நிரந்தரம் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

தினமும் காலையில் அரை மணி நேரம் வெறும் கார்பன் தகட்டை நிறுத்திச் சரிபார்ப்பார்கள். அதில் கன ஹைட்ரஜன் கிடையாது. மேடும் வரக் கூடாது. எட்டு மணிக்கு அவள் தகடு மாற்றும் குமிழைக் கார்பனுக்குத் திருகிய கையோடு அம்மாவின் போன் வந்தது.

"சாப்பிட்டியாடி? பக்கத்துல ஆள் இருக்காங்களா?"

"நாலு பேர் இருக்காங்கம்மா. உனக்கு?"

"பக்கத்து வீட்டுக்காரி இங்கயேதான் கெடக்கா. வாய் ஓயல."

போனை வைத்தவள் தகட்டை மாற்ற மறந்தாள். அது உறைத்தபோது மாலை நான்கு. தலையில் அடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். கார்பனிலும் அதே இடத்தில் அதே மேடு. அரை மணியில் கண்ணில் படாதது எட்டு மணி நேரத்தில் நிமிர்ந்து நின்றது. அப்படியென்றால் அது நியூட்ரானின் வேலையே இல்லை, ஏதோ குப்பை.

எந்தத் தகடு என்பதைக் குறிப்பேட்டில் கையால் எழுதுவதுதான் வழக்கம். பிளாஸ்டிக் என்று எழுதினால் ஈ காக்கைக்கும் தெரியாது. தனியாக இருந்ததில் முதல்முறையாக ஒரு லாபம். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"காலை எட்டு முதல் மாலை நான்கு வரை கார்பன். மறதி என்னுடையது. மேடு இதிலும் இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு தலைவருக்குப் போன் செய்து சொன்னாள்.

அவர் உடனே கேட்டார்: "கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்ல சார்."

"அப்போ வேற யாருக்கும் தெரியாது."

"எழுதிட்டேன் சார்."

அவர் போனை வைத்துவிட்டார். அவள் அழுதாள். யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று சத்தமாகவே அழுதாள். முகம் கழுவிவிட்டு வந்தபோது அம்மா மறுபடி அழைத்தாள்.

"பக்கத்துல ஆள் இருக்காங்களாடி?"

"யாரும் இல்லம்மா. என்னைக்குமே இருந்ததில்ல."



"பக்கத்து வீட்டுக்காரி காலி பண்ணிட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆச்சுடி" என்றாள் அம்மா.