கிழங்கு வடித்த தண்ணீர்

சென்னியம்மாள் பானையின் வாயைத் தட்டால் மூடி, கந்தைத் துணியால் இரண்டு பக்கமும் பிடித்துப் போசிக்குள் சாய்த்தாள். ஆவி பறக்க, வெள்ளையாகக் கெட்டியாக இறங்கியது தண்ணீர். கல்யாணமாகி வந்த பதினான்கு வருடங்களாகச் சோற்றுப் பானையை இப்படித்தான் வடித்து வந்தாள். அன்று பானைக்குள் இருந்தது குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி.

எண்பத்து மூன்றாம் வருடத்துப் பங்குனி மாதம். முந்தின ஐப்பசியும் கார்த்திகையும் மழையில்லாமலே போய்விட்டன. சேந்தமங்கலத்துக்கு வடக்கே நாலு மைலில் இருந்த அந்த ஊரில், வீட்டுக்கு இரண்டு குடம் தண்ணீர் என்று முறை வைத்துச் சேந்தினார்கள். ராகி போட்டவர்கள் வீட்டில் பழைய ராகி கொஞ்சம் இருந்தது. சென்னியம்மாளின் புருசன் காளியண்ணன் காட்டில் ராகியே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு, கடைசியாக மிச்சமிருந்த ராகிக் கொல்லையையும் உழுது, காடு முழுவதும் ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற கிழங்கை நட்டிருந்தான். மாவு அதிகம் பிடிக்கிற கிழங்கு. விற்றுவிட்டு அரிசியாக வாங்கித் தின்னலாம் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு வருடம் நன்றாகவும் சாப்பிட்டார்கள். இந்த வருடம் கிழங்கைக் கழுவ மில்லுகளில் தண்ணீரில்லை, ஓட்டக் கரண்டுமில்லை. முன்னமே பேசிய ஆட்களிடம் மட்டும் வாங்கினார்கள். காளியண்ணன் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடந்தது.

ரேசன் கடைக்கு மூன்று தடவை நடந்தாள். அரிசி லோடு வரவில்லை என்றார்கள். மூன்றாவது தடவை வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண், காடு நிறையக் கிழங்கு வைத்திருப்பவர்களே இங்கே வந்து நின்றால் கூலிக்காரர்கள் எங்கே போய் நிற்பது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சிலர் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் புருசனின் அண்ணன், மூத்தார் சின்னண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் காட்டில் இருந்தார். அவர் பெண்டாட்டி நல்லம்மாள் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வள்ளம் ராகி அளந்து குடுங்கக்கா. சின்னவ அம்மை எறங்கி எந்திரிச்சிருக்கறா. ஒரு வாய் களி கிண்டிக் குடுக்கோணும்."

நல்லம்மாள் முறத்தை நிறுத்தவில்லை. "உங்கூட்டுக்காரன் ஊருக்குள்ள என்ன பேசுனான்? ராகி போடறவன் பொழைக்கத் தெரியாதவன்னான். பொழைக்கத் தெரிஞ்சவிய எங்கூட்டு வாசல்ல வந்து நிக்கலாமா, சென்னியம்மா?"

சென்னியம்மாள் கொண்டுபோன பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். காளியண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் அண்ணனிடம் சண்டைக்குப் போயிருப்பான், ராகி வந்திருக்காது.

மறுநாள் காலை காட்டில் நான்கு செடியைப் பிடுங்கினாள். மில்லுக் கிழங்கு கசக்கும், இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது ஊற்ற வீட்டில் தண்ணீர் இல்லை. ஒரே தண்ணீரில் வெகுநேரம் வேகவைத்தாள். கசப்பு ஆவியோடு போய்விடும் என்று நினைத்தாள்.

வடித்த தண்ணீரைக் கொட்ட அவளுக்குக் கை வரவில்லை. அந்தப் பக்கத்தில் வடிகஞ்சியைக் கீழே ஊற்றுகிற வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்பார்கள். காய்ச்சலில் கிடந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் முதலில் கொடுப்பது அதைத்தான். சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். போசியில் உப்புப் போட்டு, ஒரு மிளகாயைக் கிள்ளிப் போட்டு ஆற்றினாள்.

மூத்தவள் பூவாத்தாளுக்குப் பதினோரு வயது. அவளுக்கு அரை டம்ளர். சின்னவள் ராசாத்திக்கு ஐந்து. அம்மையில் உடம்பு கரைந்திருந்ததால் அவளுக்கு இரண்டு டம்ளர். அவளுக்கு மட்டும் எதற்கு இரண்டு என்று பூவாத்தாள் முகத்தைத் தூக்கினாள். சென்னியம்மாள் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

ராசாத்தி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளினாள். "கசக்குதும்மா."

"கண்ண மூடிட்டுக் குடி சாமி. குடிச்சாத்தான் தெம்பு வரும்."

குடித்தாள். இரண்டாவது டம்ளருக்கு அவள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிடித்தது சென்னியம்மாள்தான்.

கிழங்கைக் குழந்தைகள் இரண்டு துண்டுதான் தின்றார்கள். காளியண்ணன் தின்றுவிட்டுத் தலை சுற்றுகிறது என்று படுத்தான். சென்னியம்மாள் கடைசியில் தின்னலாம் என்று விட்டு வைத்திருந்தாள். உச்சி வெயிலில் பூவாத்தாள் வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். ராசாத்தி வாந்தி எடுக்கவில்லை. நாய் இளைப்பது போல் மூச்சு வாங்கி இளைத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

பஸ் சாயங்காலம்தான். பூவாத்தாளைக் காளியண்ணன் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, ராசாத்தியை மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு ஓடி, வந்த லாரியை மறித்தாள். யாருடைய காட்டிலிருந்தோ மில்லுக்குப் போகிற கிழங்கு லோடு. கேபினில் இடமில்லை, மேலே ஏறிக்கொள்ளுங்கள் என்று டிரைவர் கை கொடுத்தார். கிழங்கு மூட்டை மேல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையால் வெயிலை மறைத்தாள். சேந்தமங்கலம் கடைவீதியில் லாரி நின்றபோது இளைப்பும் நின்றிருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து ஆஸ்பத்திரி வரை மெதுவாக நடந்தாள்.

குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"சத்துத் தண்ணிதானுங்க குடுத்தேன்" என்றாள்.

அவர் நாடியைப் பார்த்தார். பிறகு எந்தக் கிழங்கு, எத்தனை தண்ணீர் என்று கேட்டார். விசம் இறங்குவதும் அந்தத் தண்ணீரில்தான் என்று சொன்னார். அதட்டவில்லை.

மறுநாள் சின்னண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். இழவு வீட்டுக்குப் பங்காளிகள் தானியம் கொண்டுவர வேண்டும் என்பது முறை. வண்டியில் ஒரு மூட்டை ராகி இருந்தது. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். நல்லம்மாள் அடுப்படிக்குப் போய்த் தானே களி கிண்டினாள். சென்னியம்மாளின் முகத்தை அவள் பார்க்கவில்லை. வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பூவாத்தாளும் சாப்பிட்டாள். பசியில் இன்னொரு உருண்டை கேட்டாள். நல்லம்மாள் பெரிதாக உருட்டி வைத்தாள். அந்த ருசி நன்றாக இருந்தது என்பதைப் பூவாத்தாள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

வைகாசியில் மழை பெய்தது. மில்லுகள் ஓடின. குச்சிக்கிழங்குக்கு விதை கிடையாது. பிடுங்கிய செடியின் தண்டையே சாண் சாணாக நறுக்கித் திரும்ப நடுவார்கள். காளியண்ணன் அந்தக் காட்டுச் செடிகளையே நறுக்கி நட்டான். சென்னியம்மாள் கூடையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே பின்னால் போனாள். இன்றைக்கும் அந்தக் காட்டில் நிற்பது அதே குச்சிதான்.