ஒரு கை குறைந்தால்

ஹாலாஸ்யம் வக்கீலுக்குக் கட்சியில் கொறடா வேலை. பேருக்குத்தான் எடுப்பு, செய்வது என்னவோ பட்டியில் ஆடு அடைக்கிற வேலை. ஓட்டெடுப்பு நாளில் தன் கட்சி மெம்பர்களை ஒருத்தர் குறையாமல் ஜில்லா போர்டு ஹாலில் உட்கார்த்தி, தூக்கவேண்டிய நேரத்தில் கையைத் தூக்க வைக்கவேண்டும்.

1931 மாசியில் போர்டுத் தலைவர் தேர்தல் வந்தது. இவர் பக்கம் பதினாறு, எதிர்ப்பக்கம் பதினைந்து. ஒரு கை குறைந்தால் சமம். சமமானால் சீட்டுக் குலுக்கல். "வக்கீலே, ஒரு கை கொறஞ்சாலும் என் மூஞ்சில முழிக்காதீங்க" என்று தேர்தலில் நிற்கும் கட்சித் தலைவர் முந்தின ராத்திரியே சொல்லிவிட்டார். அதனால்தான் ஹாலாஸ்யம் விடியுமுன்னே காரோடு போய், தன் கட்சி மெம்பர் கருத்தக்கண்ணனை, அவன் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி கண்டிருந்தும், கையோடு அழைத்து வந்திருந்தார்.

பதினோரு மணிக்கு அவன் மச்சினன் தவசி, கோச்சடைக்கு மேற்கே இருக்கும் அவர்கள் ஊரிலிருந்து சைக்கிளில் இரைக்க இரைக்க வந்து இறங்கினான்.

"மச்சான், பிள்ளை குறுக்க கெடக்காம். மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கணும். ஒங்க ஆத்தா, கட்டுனவன் வந்து சொல்லாம வாசப்படி தாண்ட விடமாட்டேங்குது. வாங்க மச்சான்!"

கருத்தக்கண்ணன் ஹாலாஸ்யத்தைப் பார்த்தான். "சாமி, நான் போகட்டுங்களா?"

இந்த மாதிரி சமயத்துக்கென்றே இரண்டு கட்சிக் கொறடாக்களுக்கும் நடுவே ஓர் ஏற்பாடு உண்டு. ஜோடி என்பார்கள். இந்தப் பக்கம் ஒருத்தருக்கு ஆபத்தென்றால், அந்தப் பக்கமும் ஒருத்தர் வெளியே நிற்பார், வித்தியாசம் மாறாது. எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. வாய் வார்த்தைதான்.

ஹாலாஸ்யம் எதிர்க்கட்சிக் கொறடா சீதாராமனிடம் ஓடினார். "ஒரு ஜோடி கொடும் ஓய். பிரசவம், உயிர் போற விஷயம்."

சீதாராமன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "தை மாசம் எங்க முத்திருளனோட தாயார் செத்துக் கிடந்தா. ஜோடிக்கு உம்ம பக்கத்துச் சின்னச்சாமியை வெளியில நிறுத்தறேன்னீர். நம்பி முத்திருளன் இழவு வீட்டுக்குப் போனான். கடைசி நிமிஷத்துல சின்னச்சாமியை உள்ளே இழுத்துக் கை தூக்க வெச்சீர். இன்னிக்கு ஒமக்காக நான் ஒருத்தனை வெளியே அனுப்பினா, எங்க ஆளுங்களே என்னை உரிச்சுடுவா."

"அது தலைவர் சொல்லி..."

"வார்த்தை கொடுத்தது நீர்."

வெட்கக்கேடு! அப்போதாவது ஹாலாஸ்யம் திரும்பி வந்து கருத்தக்கண்ணனிடம் 'போ' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சீட்டுக் குலுக்கலில் பாதிக்குப் பாதி ஜெயிக்கவும் இடம் இருந்தது. மனுஷன் சொல்லவில்லையே!

"அரை மணிதான் கருத்தக்கண்ணு. கையைத் தூக்கினதும் என் கார்லயே போயிடலாம். தவசிகிட்டச் சொல்லி அனுப்பு."

கருத்தக்கண்ணன் கொடுத்த சொல்லை மீறத் தெரியாத சம்சாரி. "நான் சொன்னேன்னு ஆத்தாகிட்டச் சொல்லித் தூக்கிட்டுப் போடா" என்று தவசியை அனுப்பிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தான்.

அரை மணியாவது ஒன்றாவது! எதிர்ப்பக்கத்தார் ஆள் மாற்றி ஆள் பேசிப் பேசி இழுத்தார்கள். கருத்தக்கண்ணன் நாற்காலி நுனியிலேயே இருந்தான். மூன்று மணிக்குத்தான் ஓட்டு. பதினாறுக்குப் பதினைந்து. தலைவருக்கு மாலை விழுந்தது.

கார் ஊருக்குள் திரும்பும்போதே ஒப்பாரி கேட்டது. அவன் பெண்டாட்டி அன்னக்கொடி போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, பிள்ளையும் தங்கவில்லை. தவசி சொன்னதை ஆத்தா நம்பவில்லையாம். "அவன் வந்து சொல்லட்டும்" என்று வாசலை மறித்தபடியே உட்கார்ந்திருந்தாளாம்.

ஹாலாஸ்யம் உள்ளே போகக் கால் வராமல் காரடியிலேயே நின்றார். ஏசுவான், அடிப்பான் என்று காத்திருந்தார். அடித்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வெகுநேரம் கழித்துக் கருத்தக்கண்ணன் வெளியே வந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

"சாமி, அடுத்த கூட்டம் பத்தொம்பதாந் தேதிதான? அன்னைக்கு இவளுக்குப் பதினாறாம் நாளு வருது."

"நீ வரவேண்டாம்பா. வரவே வேண்டாம்."

"அதெப்புடிங்க? ஒரு கை கொறைஞ்சு போகும்ல. காலையிலயே காரியத்த முடிச்சுட்டு வந்துர்றேன். ஒங்க பேச்ச நம்பி அந்தப் பக்கம் ஒருத்தரும் வெளிய நிக்க மாட்டாகளே சாமி."