பழைய டயர்

வெடித்த டயரைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஜெயமேரி ஏற்காட்டிலிருந்து சேலம் வரை பஸ்ஸில் வந்தாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது அவள் முழங்காலில் முட்டியது. முட்டட்டும் என்றிருந்தாள்.

தலைச்சோலையிலிருந்து காப்பி எஸ்டேட்டுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஆம்னி வேன் அவளுடையது. ஓட்டுவதும் அவள்தான். புது டயருக்கு வழியில்லாமல் போன மாதம் சேலத்தில் செங்கோடன் கடையில் பழைய டயர் ஒன்று வாங்கி மாட்டினாள். முந்தாநாள் எஸ்டேட் இறக்கத்தில் அது வெடித்தது. வேன் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோத, முன்சீட்டில் இருந்த வேலைக்காரி பூவாயிக்கு வலது தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஓடி வந்த எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் டயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொம்பள ஓட்டுனா இப்படித்தான்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த இறக்கத்தில் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றாதவள் அவள்.

மறுநாள் டயரைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு. வெளியே, தேய்ந்து மொட்டையான ரப்பரில் சூட்டுக் கத்தியால் புதிதுபோல் தெரியப் பட்டன் வரிகள் வெட்டியிருந்தார்கள். எந்த வருஷத்து டயர் என்று சொல்லும் எண்ணைச் சுரண்டிவிட்டு, மேலே கறுப்புப் பாலிஷ்.

"பழைய டயருக்கு கேரண்டி இல்லீங்கக்கா. போர்டுலயே எழுதியிருக்குது, பாருங்க" என்றான் செங்கோடன், அவள் கடை வாசலில் இறக்கிவைத்த டயரைப் பார்த்து.

"கேரண்டி கேட்டு நான் வரலீங்க. ஓடக் கூடாத டயர விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதா இல்லீங்களா?"

"சட்டமெல்லாம் ரோட்டுல ஓட்டறவங்களுக்குங்க. புடிச்சா உங்களத்தான் புடிப்பாங்க."

விற்றவன் நிழலில் உட்கார்ந்திருக்கிறான், வாங்கியவள் குற்றவாளி. அங்கே பூவாயி இடது கையால் சோறு அள்ளத் தெரியாமல் அழுதுகொண்டிருக்கிறாள்.

"அக்கா, சத்தம் போடாதீங்க. நொம்ப பேரு வந்து போற கடை. இத இங்கயே போட்டுட்டு, அந்த அடுக்குல ஒண்ணு எடுத்துக்கங்க. காசு வேண்டாம்."

"வெடிச்ச டயரு உங்களுக்கு எதுக்குங்க?"

அவன் போனை எடுத்துப் பார்த்தான். கடையின் பின்பக்கம் ஒருவன் கிழிந்த டயரொன்றைக் கவிழ்த்துப்போட்டு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு விளங்கிவிட்டது. இன்னொரு ஒட்டு, இன்னொரு பாலிஷ், இன்னொரு பூவாயி.

ஸ்டூல் மேல் டியூப் அறுக்கும் கத்தி கிடந்தது. எடுத்தாள். டயரை வாசலில் சாய்த்து முழங்காலால் அழுத்தி, அதன் பக்கவாட்டைச் சுற்றிலும் கிழிக்கத் தொடங்கினாள். ரப்பர் லேசில் விடவில்லை. கை வழுக்கியது, மூச்சு வாங்கியது. "ஏனுங்க, என்ன பண்றீங்க!" என்று செங்கோடன் கத்தினான், பக்கத்தில் மட்டும் வரவில்லை.

"இது என்ற டயரு. இத இனி எவனும் விக்க முடியாது."

ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் வேகம் குறைந்து, கடைப் பக்கமாக விளக்குப் போட்டுத் திரும்பியது. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஜெயமேரி கத்தியைக் கீழே போட்டாள். கிழிந்த டயரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவாசலில் போய் நின்றாள்.