நடுவில் இழுத்த கோடு

அக்கா அந்தத் தாளை மேசைமேல் விரித்து, சுருண்டுகொண்ட ஒரு மூலையில் மாத்திரை டப்பாவையும் இன்னொன்றில் கைபேசியையும் வைத்தாள்.

"பாப்பா, இதைப் பாரு. நேத்து தெருக்காரங்க கூட்டத்துல குடுத்தாங்க. நம்ம தெருவுக்கு அடியில பூரா கெட்டி மண்ணுதானாம். குழாய்க்குச் சுரங்கம் தோண்டினாலும் ஒரு வீடும் அசையாதுன்னு அந்த இன்ஜினியர் அடிச்சுச் சொல்றாரு."

நாற்பத்து மூன்று வயதிலும் அக்காவுக்கு அவள் பாப்பாதான். வாரம் முழுக்க மண் பரிசோதனை அலுவலகத்தில் கண் பூத்துப்போகும்வரை எண்களைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையாவது சும்மா உட்காரலாம் என்று வந்திருந்தாள். தாளைப் பார்த்ததும் வாய்க்குக் கொண்டுபோன கோப்பை பாதியில் நின்றது. தெருவை நெடுக வெட்டிப் பக்கவாட்டில் காட்டும் படம். மேலே வீடுகள் சின்னச் சின்னப் பெட்டிகளாக. கீழே பழுப்பு, அதற்கடியில் மஞ்சள், அதற்கும் அடியில் சாம்பல் நீலம். அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியும். அதைத் தேர்ந்தெடுக்க அவளும் அவள் தோழியும் ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து எழுதிய பிளக்இன் தொகுப்பு, அதாவது வரைபட மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன மென்பொருள், போட்ட படம் அது. மண்ணுக்கடியில் எடுத்த அளவுகளைக் கொடுத்தால் படமாக வரைந்து காட்டும். ஓப்பன் சோர்ஸ், யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். திருத்த வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தோழி வேறு வேலை, இரட்டைக் குழந்தைகள் என்று மெல்லக் கழன்றுகொண்டாள். மிச்சமெல்லாம் இவள் தலையில். முகம் தெரியாத ஆட்களின் புகார்களுக்குப் பதில் எழுதியே விடுமுறைகள் கரைந்தன. முதல் பதிப்பில், துளை போட்டு மண் எடுத்த இடத்துக்கு மட்டும்தான் நிறம் வரும். மற்ற இடம் வெள்ளை. படம் பொக்கைவாய் மாதிரி இருக்கிறது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். பிடுங்கல் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துளைக்கும் துளைக்கும் நடுவே தானாகவே நிறம் நிரம்பும்படி மாற்றிவிட்டாள். நிரலில் இருபது வரிகூட இல்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"இது என்னோட மென்பொருள் போட்ட படம்க்கா."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, முன்னாடியே சொல்லக் கூடாதா! அப்போ நம்பலாம்ல? ரெண்டு வாரமா எனக்கும் உங்க மாமாவுக்கும் சோறு இறங்கல. இந்த வயசுல வீட்டைத் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

இவள் படத்தின் இரு ஓரங்களிலும் இருந்த மெல்லிய கறுப்புக் கோடுகளைத் தொட்டுக் காட்டினாள். "இங்க ஒரு துளை போட்டிருக்காங்க. தெருக்கோடியில இன்னொண்ணு. இடையில நானூறு மீட்டர்."

"நம்ம வீடு?"

"நட்ட நடுவுல."

"அங்க அடியில என்ன இருக்கு?"

கெட்டி மண்தான் என்று சொல்லிவிடலாம். அக்கா நிம்மதியாக அடுப்படிக்குப் போவாள். ஆறிய தேநீரைக் குடித்துவிட்டு இவளும் கொஞ்சம் கண்ணயரலாம்.

"தெரியாதுக்கா. அந்த இன்ஜினியருக்கும் தெரியாது. ரெண்டு நுனியிலயும் கெட்டி மண்ணு இருந்துச்சு. நடுவுல கோடு இழுத்தது நான்தான்."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா மாத்திரை டப்பாவை எடுத்ததும் தாள் சுருண்டுகொண்டது. "தெரியாததை ஏன் பாப்பா வரைஞ்ச?"

"எல்லாரும் கேட்டாங்க."

சொன்ன பிறகு அவளுக்கே கூசியது.

அன்று மதியமே வீட்டுக்குப் போய், நடுவே நிறம் நிரப்பும் அந்த வரிகளை எடுத்துவிட்டாள். எடுப்பது ஐந்து நிமிட வேலை. ஏன் எடுத்தேன் என்று நான்கு வரி எழுதத்தான் பொழுது சாய்ந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் புகார்கள் குவிந்தன. 'இத்தனை வருடமாக நன்றாகத்தானே இருந்தது? யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் கேட்பதிலும் நியாயம் இருந்தது. யாரையும் கேட்கவில்லைதான். பதில் எழுதத் தெம்பில்லாமல் மூடிவைத்தாள். ஆனால் பழையபடி மாற்றவில்லை.

தாளின் ஓரத்தில் அச்சாகியிருந்த அளவுகளைக் கொண்டே அந்தத் தெருவை மறுபடி வரைந்தாள். இரண்டு நுனியிலும் இரண்டு நிறத்தூண்கள். நடுவே வெறும் வெள்ளை. அக்கா அதை எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனாள். துணைக்கு இவளும் போனாள்.

"எல்லா ஊர்லயும் இப்படித்தாம்மா போடுறோம்," என்றார் அவர்.

"சரிங்க. எங்க வீட்டுக்கு அடியில கெட்டி மண்ணுதான்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் போயிடுறேன்," என்றாள் அக்கா.

அவர் பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு இவளைப் பார்த்தார். இவள் தரையைப் பார்த்தாள்.

கையெழுத்து வரவில்லை; மூன்று வாரம் கழித்து அக்கா வீட்டு வாசலுக்குத் துளை போடும் வண்டி வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவள், எதிர்வீட்டுப் படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கால்கள் தாமாகவே நீண்டன. இயந்திரத்தின் இரைச்சலில் யார் பேசுவதும் கேட்கவில்லை. துளைக்காரர் முதல் குழாயை மேலே இழுத்து, தட்டித் தட்டி மண்ணை உருவி, வாசலில் கிடந்த நீளப் பெட்டியில் படுக்கவைத்தார். அக்கா புடவையைச் சேர்த்துப் பிடித்தபடி குனிந்தாள். ஈரமான கறுத்த மண்ணை ஒரு விரலால் மெல்ல அழுத்தினாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். தங்கை பக்கம் திரும்பி என்னவோ கேட்டாள்; உதடசைவில் 'கெட்டியா?' என்பது மட்டும் தெரிந்தது.

அதற்குள் துளைக்காரர் கையைக் காட்டி அக்காவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அடுத்த குழாயைப் பூட்டி, இன்னும் கீழே இறக்கினார்.